நார்த் ஷோர் லைன்: தானாகச் செத்ததா, சாகவிட்டார்களா?

தண்டவாளப்பித்தன் எழுதியது:

சிகாகோவுக்கு வடக்கே சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஸ்கோக்கி வேலி டிரெயில் தெரிந்திருக்கும். பக்கத்திலேயே உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாக வரும். பாதை அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல நேராக ஓடும். போன சனிக்கிழமை மகளோடு போயிருந்தேன். "ஏம்ப்பா, வளைவே இல்லையே?" என்று கேட்டாள். இது சைக்கிளுக்காகப் போட்ட பாதை இல்லை, ஒரு காலத்தில் இங்கே மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் மின்சார ரயில் ஓடியது என்றேன். சிரித்துவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே கொட்டுகிறேன்.

அந்த ரயிலின் பெயர் நார்த் ஷோர் லைன். 1890களில் சிகாகோவுக்கு வடக்கே வாக்கீகன் என்ற ஊரில் ஒரு தெரு டிராமாகத்தான் ஆரம்பித்தது. மிச்சிகன் ஏரிக்கரையோரமாகத் தெற்கே நீண்டு 1899இல் சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் வந்தது. வடக்கே 1908இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரைத் தொட்டது. 1919இலிருந்து சிகாகோவின் 'எல்' உயர்மட்டத் தண்டவாளத்திலேயே ஏறி, நகரின் நட்டநடுவே இருக்கும் லூப் வரை வந்தது. ஏரிக்கரைப் பாதை ஊர் ஊராக, தெருத் தெருவாக நுழைந்து போவதால் நேரம் பிடித்தது. அதனால் 1926இல் மேற்கே ஆளில்லாத வெளியில் ஒரு குறுக்குப்பாதை போட்டார்கள். அதுதான் ஸ்கோக்கி வேலி பாதை, என் மகள் சிரித்த இடம்.

1955இல் ஏரிக்கரைப் பாதையை மூடினார்கள். 1963 ஜனவரியில் மிச்சம் இருந்ததும் போயிற்று. இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே, நகர மையத்திலிருந்து நகர மையத்துக்குப் போன ரயில் அது. அதை எப்படி விட மனசு வந்தது? தானாகச் செத்ததா, சாகவிட்டார்களா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சும்மாவந்தேன் எழுதியது:

ஒரு சந்தேகம். மின்சாரம், தெருவில் தண்டவாளம், தலைக்கு மேலே கம்பி. இது டிராம்தானே அண்ணே? டிராம் எத்தனையோ ஊரில் போய்விட்டது. இதற்கு மட்டும் ஏன் ஒப்பாரி?

பழையடிக்கெட் எழுதியது:

டிராமுக்கு அண்ணன், ரயிலுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இதை இன்டர்அர்பன் என்பார்கள், ஊருக்கும் ஊருக்கும் இடையே போவது என்ற பொருளில். ஊருக்குள் டிராம் மாதிரி தெருவில் போகும். ஊர் எல்லை தாண்டியதும் தனித் தண்டவாளத்தில் ரயில் மாதிரி பறக்கும்.

1888இல் வர்ஜீனியாவின் ரிச்மண்டில் பிராங்க் ஸ்ப்ரேக் மின்சார டிராமை ஒரு நகரம் முழுக்க ஒழுங்காக ஓட்டிக் காட்டினார். டிராமை ஊரோடு நிறுத்துவானேன், அடுத்த ஊர் வரை இழுத்தால் என்ன என்று அதற்கப்புறம் பலருக்கும் தோன்றியது. அன்றைக்கு நீராவி ரயில் ஒரு சிற்றூரில் நாளைக்கு இரண்டு முறை நின்றால் பெரிய விஷயம். இந்த வண்டியோ மணிக்கு ஒன்று வரும், வயல் முக்கில் கை காட்டினாலும் நிற்கும், கட்டணமும் குறைவு. பால் கேனையும் ஏற்றிக்கொள்ளும். அப்போது கிராமத்துச் சாலைகள் மழை பெய்தால் சேறு. விவசாயிக்கு இது வரப்பிரசாதம்.

உச்சத்தில் நாடு முழுக்கச் சுமார் 25,000 கிலோமீட்டர் இருந்தது. ஒஹாயோவிலும் இண்டியானாவிலும்தான் மிக அதிகம். இண்டியானாபொலிஸில் 1904இல் இதற்கென்றே ஒரு பெரிய முனையம் கட்டினார்கள். ஆனால் ஆயுசு என்னவோ அற்பம்தான். சாலைக்குக் கப்பி போட்டதும், போர்டு மாடல் டி கார் மலிவானதும், 1920களிலேயே ஒவ்வொன்றாக விழுந்தன. 1930களின் இறுதிக்குள் பெரும்பாலானவை காலி.

அதனால் பித்தனின் கேள்வியை நான் திருப்பிப் போடுவேன். மற்றதெல்லாம் 1930களில் போனபோது இது மட்டும் 1963 வரை எப்படி மூச்சுவிட்டது?

கணக்குப்பிள்ளை எழுதியது:

டிக்கெட் ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி. விடை ஒரே பெயர்: சாமுவேல் இன்சல்.

மில்வாக்கியைத் தொட்ட அதே 1908இல்தான் இந்தக் கம்பெனி திவாலாகி நீதிமன்றப் பொறுப்புக்குப் போனது. கட்டி முடிப்பதற்குள் கட்டியவர்கள் கையில் காசில்லை. 1916இல் இன்சல் வாங்கினார். லண்டனில் பிறந்து, எடிசனின் செயலாளராக அமெரிக்கா வந்து, சிகாகோவின் மின்சாரத்தையே தன் கைக்குள் வைத்திருந்த ஆள். மின்நிலையம் கட்டிவிட்டால் அது சும்மா நிற்கும் ஒவ்வொரு மணியும் நஷ்டம். ரயில் காலையிலும் மாலையிலும் மின்சாரத்தைக் குடிக்கும், ஆலைகள் பகலில் குடிக்கும், வீடுகள் இரவில். இதையெல்லாம் ஒன்றாகக் கோத்தால்தான் யூனிட் விலை இறங்கும் என்பது அவர் கணக்கு. மின்சாரம் விற்கிறவரே ரயிலுக்கும் முதலாளி. 'எல்' ரயிலும் அவர் கையில் இருந்ததால்தான் 1919இல் லூப்புக்குள் நுழைய முடிந்தது.

பித்தன் பார்த்த மின்கோபுரங்கள் அங்கே நிற்பதும் தற்செயல் இல்லை. ஒரே நிலம், கீழே ரயில், பக்கத்தில் மின்தடம். ரயில் போய்விட்டது, கோபுரம் நிற்கிறது.

1932இல் இன்சலின் சாம்ராஜ்யம் சரிந்தது. கிரீஸுக்கு ஓடினார், துருக்கியில் பிடித்துக்கொண்டு வந்தார்கள், வழக்கில் விடுதலையானார். 1938இல் பாரிஸில் மெட்ரோ நிலையத்தில் மாரடைப்பு வந்து செத்தார். ஒரு நகரத்தின் ரயிலையே வைத்திருந்தவர் இன்னொரு நகரத்தின் ரயில் நிலையத்தில் விழுந்தார். சரி, அதை விடுங்கள். 1935இல் வந்த சட்டம் மின்சாரக் கம்பெனிக் கூட்டங்களைப் பிரித்துப் போட்டது. இனி ரயில் தன் சம்பாத்தியத்தில்தான் சாப்பிட வேண்டும். என் கணக்கில் சாவு அங்கேயே எழுதியாகிவிட்டது. மற்றதெல்லாம் தவணை.

டீசல்புகை எழுதியது:

யாருமே சொல்லவில்லையே! ஜெனரல் மோட்டார்ஸ், டயர் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி எல்லாம் கூட்டுச் சேர்ந்து அமெரிக்காவின் டிராம்களை வாங்கி உடைத்தார்கள். நீதிமன்றத்திலேயே நிரூபணம் ஆனது. இதுவும் அதில் ஒன்றுதான். கேஸ் முடிந்தது.

பழையடிக்கெட் எழுதியது:

அவசரப்படாதீர்கள் தம்பி. வழக்கு உண்மை. 1949இல், அதுவும் சிகாகோவிலேயே, தீர்ப்பு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு 5,000 டாலர் அபராதம், அதன் அதிகாரி ஒருவருக்கு 1 டாலர். ஆமாம், ஒரே ஒரு டாலர்! ஆனால் தண்டித்தது எதற்காக? நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற கம்பெனி நடத்திய போக்குவரத்துகளுக்குப் பேருந்து, எரிபொருள், டயர் விற்பதில் ஏகபோகம் செய்யச் சதி செய்தார்கள் என்பதற்காக. டிராமை ஒழித்தார்கள் என்று தீர்ப்பில் இல்லை.

நார்த் ஷோருக்கும் நேஷனல் சிட்டி லைன்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது. லாஸ் ஏஞ்சலஸில்கூட அவர்கள் 1945இல் வாங்கியது ஊருக்குள் ஓடிய மஞ்சள் வண்டிகளை. புகழ்பெற்ற பசிபிக் எலக்ட்ரிக்கின் சிவப்பு வண்டிகள் வேறு கம்பெனி. அதன் கடைசிப் பாதையான லாங் பீச் 1961 வரை ஓடியது, மூடியது அரசு அமைப்பு. வில்லன் ஒருவன் இருந்தால் கதை சொல்ல வசதி. இங்கே அவன் அந்தக் கதையில் நடிக்கவே இல்லை.

டீசல்புகை எழுதியது:

சரி, பின்வாங்குகிறேன். அந்த ஒரு டாலரை மட்டும் மறக்க மாட்டேன்.

தண்டவாளப்பித்தன் எழுதியது:

கணக்குப்பிள்ளை 1935லேயே சங்கு ஊதிவிட்டார். ஆனால் செத்துப்போகிறவன் 1941இல் புதுச்சட்டை தைக்க மாட்டான். எலக்ட்ரோலைனர் பற்றிப் பேசாமல் இந்த இழை நகரக்கூடாது.

முதலில் இந்தப் பாதைக்கு வண்டி செய்வது எவ்வளவு தலைவலி என்று பாருங்கள். லூப்பில் 'எல்' தண்டவாளம் கட்டடங்களுக்கு நடுவே கைமுட்டி மாதிரி மடங்கும், நீளமான பெட்டி அங்கே திரும்பாது. நடைமேடை உயரம், பெட்டியின் பக்கவாட்டு அதற்கு இடிக்கக் கூடாது. மில்வாக்கியிலோ தெருவில் ஓட வேண்டும், தரைமட்டத்தில் ஆள் ஏற வேண்டும். நடுவில் கிடக்கும் வெளியில் எக்ஸ்பிரஸ் ரயில்களோடு போட்டி. மின்சாரம்கூட ஒரே மாதிரி வராது. 'எல்' மேலே மூன்றாம் தண்டவாளத்திலிருந்து, அதாவது பக்கத்தில் மின்சாரத்துக்கென்றே போட்ட தண்டவாளத்திலிருந்து, எடுக்க வேண்டும், வெளியே வந்ததும் மேல்கம்பிக்கு மாற வேண்டும்.

செயின்ட் லூயிஸ் கார் கம்பெனி இதற்கெல்லாம் ஒரே வண்டியில் விடை சொன்னது. நான்கு உடல், ஐந்து சக்கரக்கட்டு. பக்கத்துப் பக்கத்து உடல்கள் இரண்டும் ஒரே சக்கரக்கட்டின் மேல் தோள் சாய்ந்து உட்காரும், அதனால் பாம்பு மாதிரி வளையும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை, மில்வாக்கி போனால் திருப்ப வேண்டாம். படிக்கட்டின் மேல் மூடி, நடைமேடை உயரமாக இருந்தால் மூடிக்கொள்ளும், தரைமட்டம் என்றால் திறக்கும். பச்சை உடம்பில் சால்மன் நிறப் பட்டை. உள்ளே ஒரு மதுக்கூடப் பெட்டி, சுவரில் சர்க்கஸ் மிருகங்களின் ஓவியம். அங்கே விற்ற பர்கருக்கு எலக்ட்ரோபர்கர் என்று பெயர்!

1941 பிப்ரவரியில் ஓட ஆரம்பித்தது. மொத்தமே இரண்டு ரயில்தான் செய்தார்கள். லூப்பில் ஆடம்ஸ்-வாபாஷ் நிலையத்தில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் மில்வாக்கியில் 6வது தெரு முனையம். காலையில் அலுவலகத்துக்கு மேலே கடகடத்துப் போகிற அதே தண்டவாளத்தில், பீர் ஊற்றிக்கொடுக்கிற ரயில் ஒன்று வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்றாவது ரயில் வாங்கக் காசு வரவில்லை. அதற்குப் பதில் 1920களின் பழைய இரும்புப் பெட்டிகளை எடுத்து, நெளிநெளியான எவர்சில்வர் தகடு போலத் தெரிய நிழல்கோடு போட்டு வண்ணம் அடித்தார்கள். சில்வர்லைனர் என்று பெயர் வேறு. தூரத்திலிருந்து பார்த்தால் புது வண்டி, கிட்டே போனால் பெயின்ட். எனக்கென்னவோ எலக்ட்ரோலைனரைவிட இதன் மேல்தான் பாசம் அதிகம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

பாசத்துக்கு ரசீது கிடையாது பித்தன்.

1941க்கு அப்புறம் ஏன் தாக்குப்பிடித்தது? போர். பாதையோரத்திலேயே கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையமும் போர்ட் ஷெரிடன் ராணுவ முகாமும் இருந்தன. பெட்ரோலும் டயரும் ரேஷன். விடுப்பு கிடைத்த சிப்பாய் எல்லோரும் இந்த ரயிலில்தான் நகரத்துக்கு வந்தார்கள். போர் முடிந்ததும் கூட்டம் காருக்குப் போனது. 1951 டிசம்பரில் எடன்ஸ் விரைவுச்சாலை திறந்தது, ஸ்கோக்கி வேலி பாதைக்குப் பக்கத்திலேயே. 1958இல் விஸ்கான்சின் எல்லை வரை சுங்கச்சாலை. இதுபோக மில்வாக்கிக்கு ஏற்கெனவே இரண்டு பெரிய ரயில் கம்பெனிகள் இணையாக ஓட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் ஹயவாதா ரயில் ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டது. மூன்று தண்டவாளம், இரண்டு பெருஞ்சாலை, நடுவில் ஒரே கூட்டம். எத்தனை பேர் பங்குபோடுவது?

தண்டவாளப்பித்தன் எழுதியது:

அந்தப் பங்கைத்தான் நான் கேட்கிறேன். எடன்ஸ் சாலைக்கு யார் காசு? பொதுக்காசு. நிலவரி கட்டியதா அந்தச் சாலை? இல்லை. நார்த் ஷோர் தன் தண்டவாளத்தைத் தானே போட்டு, தானே பராமரித்து, அந்த நிலத்துக்கு வரியும் கட்டியது. ஒருவன் வாடகை கொடுத்துக் கடை நடத்துகிறான், எதிரே அரசாங்கமே இலவசமாகக் கடை போட்டுக் கொடுக்கிறது. முதல் கடைக்காரன் மூடினால், பார் வியாபாரம் தெரியாதவன் என்கிறோம்.

ஏரிக்கரைப் பாதையில் இருக்கும் வினெட்கா என்ற ஊரைப் பாருங்கள். அங்கே ஊர் நடுவே தண்டவாளம் தரைமட்டத்தில் குறுக்கிட்டதால் சாவுகள். மத்திய அரசின் பணம் சேர்ந்து, இரண்டு ரயில் கம்பெனிகளின் தண்டவாளங்களையும் பள்ளம் தோண்டி இறக்கினார்கள். 1943இல் வேலை முடிந்தது. 1955இல் நார்த் ஷோரின் ஏரிக்கரைப் பாதை மூடியாகிவிட்டது. அவ்வளவு மண் அள்ளியது 12 வருஷத்துக்கா? அந்தப் பள்ளத்தில் ஒரு பாதி இன்று கிரீன் பே டிரெயில், சைக்கிள் பாதை. மறுபாதியில் இன்னும் ரயில் போகிறது.

பழையடிக்கெட் எழுதியது:

இதற்குச் சாட்சி பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. இன்சலிடம் மூன்று இன்டர்அர்பன் இருந்தன. வடக்கே நார்த் ஷோர், மேற்கே சிகாகோ அரோரா அண்ட் எல்ஜின், தென்கிழக்கே சவுத் ஷோர்.

அரோரா எல்ஜினின் முடிவு இன்னும் கொடுமை. விரைவுச்சாலை கட்ட 'எல்' பாதையை இடித்ததால் 1953இல் லூப்புக்குள் வரும் வழி போனது. பயணிகள் பாதி வழியில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். கூட்டம் சரிந்தது. 1957 ஜூலை 3 அன்று நண்பகல், மூடலாம் என்று நீதிமன்ற அனுமதி கிடைத்த கையோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். காலையில் அந்த ரயிலில் வேலைக்கு வந்தவர்களுக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போக வண்டி இல்லை. நிர்வாகம் என்றால் இப்படியும் இருக்கலாம்.

மூன்றாவதான சவுத் ஷோர் இன்றும் ஓடுகிறது. பயணிகளை மட்டும் நம்பவில்லை, நிலக்கரியும் இரும்பு ஆலைச் சரக்கும் இழுத்தது. அப்படியும் 1970களில் கைவிடப் பார்த்தார்கள். இண்டியானாவில் 1977இல் ஒரு அரசு அமைப்பு ஏற்படுத்திப் பிடித்துக்கொண்டார்கள். ஆக, பித்தன் சொல்வதில் பாதி சரி: பொதுக்கை தாங்கியது பிழைத்தது. கணக்குப்பிள்ளை சொல்வதிலும் பாதி: அந்தக் கை வரும்வரை சரக்குதான் சோறு போட்டது. நார்த் ஷோருக்கும் சரக்கு யோசனை இல்லாமல் இல்லை. லாரியின் பின்பெட்டியை அப்படியே தட்டை வேகனில் ஏற்றி அனுப்பும் முறையை 1926லேயே நடத்தியவர்கள். ஆனால் தெருவிலும் 'எல்' மேலும் போகிற ரயிலில் நிலக்கரி வேகனை எங்கே இழுப்பது?

ஸ்கோக்கிவாசி எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் செத்தது செத்தது என்கிறீர்கள், நான் தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன்!

சிகாகோவின் வடக்கு நுனியில் இருக்கும் ஹோவர்ட் நிலையத்திலிருந்து ஸ்கோக்கி ஊரின் டெம்ப்ஸ்டர் நிலையம் வரை ஓடும் 'எல்' ரயிலின் மஞ்சள் லைன், நார்த் ஷோரின் ஸ்கோக்கி வேலி பாதையின் தெற்கு நுனி. சுமார் 8 கிலோமீட்டர். 1963 ஜனவரியில் நார்த் ஷோர் மூடியதும் அந்தத் துண்டை மட்டும் சிகாகோ போக்குவரத்து ஆணையம் வாங்கியது. மத்திய அரசின் உதவியும் ஸ்கோக்கி ஊராட்சியின் பங்கும் சேர்ந்து, 1964 ஏப்ரல் 20 அன்று ஸ்கோக்கி ஸ்விஃப்ட் என்று விட்டார்கள். அப்போது நடுவில் எங்கும் நிற்காது, முனையில் கார் நிறுத்த இடம். எதிர்பார்த்ததைவிட முதல் நாளே கூட்டம். பதினைந்து மாதம் முன்னால் ஆள் இல்லை என்று மூடிய தண்டவாளம் ஐயா அது.

இன்னொன்று. 2004 வரை இந்த ரயில் பாதி வழியில், ஓடிக்கொண்டே, மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மேல்கம்பிக்கு மாறும். வண்டி நிற்காது, மேல்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராப் கூரையிலிருந்து தானாக எழும். ஒரு கணம் விளக்கு அணைந்து எரியும். நார்த் ஷோர் விட்டுப்போன பழக்கம் என்று என் மாமனார் சொல்வார். இப்போது முழுக்க மூன்றாம் தண்டவாளம்தான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா, இதே துண்டில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1925லேயே 'எல்' ரயில் டெம்ப்ஸ்டர் வரை வந்தது. ஊருக்கு அப்போது நைல்ஸ் சென்டர் என்று பெயர், 1940இல்தான் ஸ்கோக்கி ஆனது. இடையில் நிறைய நிலையங்கள், சுற்றிலும் காலி மனை. ஆளில்லை என்று 1948இல் அந்த உள்ளூர்ச் சேவையை நிறுத்திப் பேருந்து விட்டார்கள். நார்த் ஷோர் மட்டும் அந்தத் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆக 1964இல் ஜெயித்தது தண்டவாளம் இல்லை. ஊர் வளர்ந்ததும், நடு நிலையங்களை வெட்டியதும், கார் நிறுத்த இடம் கொடுத்ததும். எட்டு கிலோமீட்டரில் பலித்தது 140 கிலோமீட்டரில் பலிக்கும் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தண்டவாளப்பித்தன் எழுதியது:

140 வேண்டாம். வாக்கீகன் வரையாவது வைத்திருக்கலாமே? காலையும் மாலையும் அந்தப் பகுதியில் உட்கார இடமில்லாமல் போனார்கள். பயணிகள் சங்கம் வைத்து வருஷக்கணக்கில் போராடினார்கள். அப்போது ரயிலை வைத்திருந்தது சஸ்குவஹானா என்ற முதலீட்டுக் கம்பெனி. அவர்களுக்கு ரயிலை ஓட்டுவதைவிட, அதன் நஷ்டத்தைக் காட்டி வேறு லாபத்துக்கு வரி குறைப்பதுதான் லாபம். ஓட்டினால் செலவு, மூடினால் வரவு. இப்படி ஒரு முதலாளி கையில் எந்த ரயில் பிழைக்கும்? நான் சாகவிட்டார்கள் என்பது இதைத்தான்.

கடைசி நாள் 1963 ஜனவரி 20, ஞாயிறு. பூஜ்யம் டிகிரி பாரன்ஹீட்டுக்கும் கீழே போன குளிர். அதிலும் மக்கள் கேமராவோடு வந்து கடைசி வண்டிகளில் ஏறினார்கள். கடைசி ரயில்கள் முனையம் சேர்ந்தபோது 21ஆம் தேதி அதிகாலை ஆகிவிட்டது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வாக்கீகன் வரை என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1962இல் அதை யார் வாங்கியிருப்பார்கள்? போக்குவரத்து ஆணையத்தின் எல்லை அவ்வளவு தூரம் போகாது. மத்திய அரசு நகரப் போக்குவரத்துக்கு ஒழுங்காகப் பணம் தரும் சட்டம் வந்ததே 1964இல். ஒரு வருஷம் தள்ளிச் செத்திருக்கலாம், அவ்வளவுதான்.

தண்டவாளப்பித்தன் எழுதியது:

அந்த ஒரு வருஷத்தைத்தான் ஐயா நானும் சொல்கிறேன்.

சும்மாவந்தேன் எழுதியது:

டிராம் என்று கேட்டது நான்தான், தப்பு. அந்த எலக்ட்ரோலைனர் என்ன ஆச்சு? உடைத்துவிட்டார்களா?

பழையடிக்கெட் எழுதியது:

இல்லை. இரண்டையும் பிலடெல்பியாவின் ரெட் ஆரோ கம்பெனி வாங்கி, லிபர்ட்டி லைனர் என்று பெயர் மாற்றி நாரிஸ்டவுன் பாதையில் 1964இலிருந்து ஓட்டியது. இப்போது ஒன்று பென்சில்வேனியாவில் ராக்ஹில் டிராலி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இன்னொன்று ஊருக்கே திரும்பி வந்துவிட்டது. இல்லினாய் மாநிலத்தில் யூனியன் என்ற சிற்றூர், அங்கே இல்லினாய் ரயில்வே அருங்காட்சியகம். 801, 802 என்று எண் போட்டிருக்கும். பித்தனின் சில்வர்லைனர் பெயின்டையும் அங்கே கிட்டே போய்ப் பார்க்கலாம்.

சும்மாவந்தேன் எழுதியது:

அருமை. சிகாகோவிலிருந்து அங்கே போக எந்த ரயில் பிடிக்கணும்?

பழையடிக்கெட் எழுதியது:

ரயில் கிடையாது தம்பி. கார்தான்.

தண்டவாளப்பித்தன் எழுதியது:

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போகிறேன். என் காரில் இரண்டு இடம் இருக்கிறது. கணக்குப்பிள்ளை, பெட்ரோல் பங்கு நீங்கள்தான் போட வேண்டும்.